பஞ்சு ஆயத்து

வாய்க்குள் கண்ணாடியும் குழாயும் குடைகிற மிஷினும் இருக்கும்போதுதான் பல் டாக்டர்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும். வேலையெல்லாம் எப்படிப் போகுது, மகள் கல்யாணம் முடிஞ்சுதா, தீபாவளிக்கு எங்கே போனீங்க. படுத்திருப்பவர் "ஆ... ஊ..." என்பார். டாக்டர் "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். அந்த ஆவுக்கும் ஊவுக்கும் என்ன அர்த்தம் என்று யாரும் கவலைப்படுவதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் டாக்டரம்மா கவலைப்பட்டார். அதுதான் தொல்லை. கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த மிஷினை நிறுத்துவார். கண்ணாடியை வெளியே எடுப்பார். என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் எச்சில் உறிஞ்சும் குழாயை எடுத்துவிட வேண்டும். பிறகு விளக்கைச் சற்றே தள்ளிவிட்டு, முகக்கவசத்தை இறக்கி, கையுறை போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பதில் வரும்வரை அசைய மாட்டார். வெளியே நாற்காலி நிறைய ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளே ஓர் அம்மா தன் மகள் கல்யாணம் ஏன் நின்றுபோனது என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அங்கே நர்ஸ். படித்து வாங்கிய பட்டம் எதுவும் இல்லை. கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பேன், முன்மேசையில் உட்கார்ந்து பேர் எழுதுவேன், காத்திருப்பவர்கள் சத்தம் போட்டால் அதைவிடப் பெரிய சத்தம் போடுவேன். வாய் நிறைய சாமானோடு பேசுகிற பேச்சைப் புரிந்துகொள்வது மட்டும் என்னுடைய தனித்திறமை. அச்சு எடுக்கிற பசையை வாயில் வைத்திருக்கும்போது எதையும் வெளியே எடுக்க முடியாது இல்லையா? அப்போது டாக்டர் என் பக்கம் திரும்பி, "அக்கா, என்ன சொல்றாங்க?" என்பார். "வாந்தி வருதாம், ஆனா வெக்கமா இருக்காம்" என்று மொழிபெயர்ப்பேன். படுத்திருப்பவர் கண்ணை விரித்துத் தலையாட்டுவார். ஒருநாளும் தப்பியதில்லை.

எங்கள் கிளினிக் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். கீழேயிருந்து மல்லிகை வாசமும் எங்கள் மருந்து வாசமும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று தெரியாமல் போகும். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் வளைந்து போகும்போது அதன் நிழல் கூரையில் மெல்ல நீந்திப் போகும். நாற்காலி பின்னால் சாயச் சாய, வலியோடு வந்தவர்கள்கூடத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களைப் போல ஆகிவிடுவார்கள். பிறகு மழை. டாக்டரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மழை வெளிச்சமும், மடியில் வைத்த இரண்டு கைகளும்தான். முகம் பிறகுதான் வருகிறது. அவர் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், கூச்சிங்கில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவார். நான்தான் நிறையப் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். முன்னோர்கள் ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். அப்பாவை நான் அங்கிள் என்பேன்; அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரிக்பீல்ட்ஸ்தான், ஆனால் பேச்சு மட்டும் கடல் தாண்டி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டைதான். மகள் பட்டம் வாங்கிய நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், வீட்டிலும் டொக்டர்தானாம். கிளினிக்குக்குப் போன் செய்தால்கூட, "டொக்டர் நிக்கிறாவோ?" என்பார். யார் பேசுறது என்று வேண்டுமென்றே கேட்பேன். "டொக்டரின்ர தகப்பன்" என்று சொல்வார் பாருங்கள், அந்தக் குரலுக்கே ஒரு மாலை போடலாம்.

ஆன்டி, அதாவது டாக்டரின் அம்மா, ஒருதரம் பல் அடைக்க வந்திருந்தார். அங்கிளும் கூடவே வந்து கதவோரம் நின்றுகொண்டார். டாக்டர் மிஷினை நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, "நோகுதோ அம்மா?" என்று கேட்டார். ஆன்டி வாயைத் திறக்கும் முன்பே கதவோரத்திலிருந்து பதில் வந்தது: "அவவுக்கு நோகேல்லை." ஆன்டியின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியை நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். இன்னொரு ஊசி போட்டார். அதற்கப்புறம் ஆன்டி அதிக நாள் இருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து, அங்கேயே கண்ணை மூடினார்.

கிள்ளானிலிருந்து ஒரு ஜோடி வந்தது அதற்குப் பிந்தின மழைக்காலத்தில். அவர் லோரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல். மனைவி சின்ன உருவம். முதல் தடவை மனைவிக்குத்தான் பல்வலி. பேர் என்ன என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். எத்தனை நாளா வலி, அவர் சொன்னார். எந்தப் பக்கம், "இடது பக்கம்" என்றார். டாக்டர் இடது பக்கமெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த பிறகுதான் அந்த அம்மா மெதுவாக வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "எதிர்ல நின்னு பார்த்தா எனக்கு இடதுதானே?" என்றார் கணவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சாமான் எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவருக்கே கடைவாய்ப் பல் சொத்தை. டாக்டர் பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: நல்லா கடிச்சுக்குங்க, அரை மணி நேரம் எடுக்காதீங்க, பேசாதீங்க. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இருவரும் வெளியறையில் உட்கார்ந்தார்கள். அவர் கன்னம் உப்பி, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் அரிசி விலை கேட்கிற குரலில் சொன்னார்:

"செமினியில வாங்குறீங்களே வீடு, அங்க நான் வரல."

"ம்ம்!" என்றார் கணவர். கை வாய்க்குப் போனது.

"எடுக்காதீங்க. டாக்டர் அரை மணி நேரம்னு சொன்னாங்க."

அவர் கையை இறக்கினார். அந்த அம்மா பேசினார். கிள்ளானில் தனக்கு யார் யார் இருக்கிறார்கள், காலையில் யாரோடு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவார், கோயிலுக்கு நடந்தே போகலாம், தங்கச்சி வீடு இரண்டு தெரு தள்ளி. புது வீட்டில் அவர் லோரியோடு போய்விட்டால் நாள் முழுக்கத் தான் யார் முகத்தைப் பார்ப்பது. குரல் உயரவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துப் பேச்சு, மழைச் சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேர் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். உள்ளே அடுத்த ஆள் படுத்திருக்க, டாக்டர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கையுறையோடு நின்றிருந்தார். கடைசியில் கணவர் பஞ்சை எடுத்துப் போட்டார். பெரிதாக ஏதோ கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "அப்ப கிள்ளான்லயே ஒண்ணு பாப்போமா?" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் டாக்டர் கை கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா, இத்தனை வருஷம் எல்லாரையும் வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னேன். பேசறதுக்கு யாரும் திறக்கலை."

எனக்கு அப்போது அது சும்மா ஒரு களைப்புப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அவர் ஏதோ மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கினார். ஆட்களைச் சுற்றி உட்கார வைத்து, அவர்களையே பேச வைத்து, அவர்கள் பிரச்சினைக்கு அவர்களையே வழி கண்டுபிடிக்க வைக்கிற வேலையாம். அதற்கு ஒரு படிப்பாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்குமாடி வீடுகளுக்கும் சங்கங்களுக்கும் போனார். ஒரு வருஷம் போல இரண்டையும் இழுத்துப் பிடித்தார். ஒருநாள் கிளினிக்கை ஒரு மலாய்ப் பெண் டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். நாற்காலி, விளக்கு, மிஷின், நான் எல்லாம் அப்படியே புது டாக்டருக்குப் போனோம். பிடுங்கிய பல்லைப் போல வேலையைப் போட்டுவிட்டுப் போகிறீர்களே என்று நான் அழுதேன். அழாமல் என்ன செய்வது, எனக்கு அவரைப் பிடிக்கும்.

அங்கிள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மகளைக் கூப்பிடுவதை நிறுத்தினார். அவ்வளவுதான் செய்தார், ஆனால் அதை முழுசாகச் செய்தார். "டொக்டர்" என்று கூப்பிட முடியாது. வேறு எப்படியும் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஒரே வீட்டில் இருவரும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நான் அங்கே எட்டிப் பார்ப்பேன். அங்கிள் என்னிடம் சொல்வார்: "தங்கச்சி, சோறு மேசையில இருக்குதெண்டு சொல்லிவிடுங்கோ." யாருக்கு அங்கிள் என்பேன், தெரியாத மாதிரி. "அங்க நிக்கிற ஆளுக்கு." அந்த ஆள் கை எட்டுகிற தூரத்தில் நின்று தட்டு துடைத்துக்கொண்டிருப்பார்.

ஊர்ச் சண்டைகளில் போய் உட்காருகிறவர் வீட்டில் இப்படி. எனக்கு ஆத்திரம் தாங்காமல் ஒருநாள் கேட்டே விட்டேன்: உங்க அப்பாவை உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டியதுதானே, ஊரையெல்லாம் கேட்க வைக்கிறீங்களே என்று. டாக்டர் சிரித்தார். "கேக்கிறதுன்னா எனக்கு வரும் அக்கா. அவர்கிட்ட எனக்குச் சொல்லத்தான் வராது." பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவர் போறதுக்குள்ள ஒருதரம் என்னைக் கூப்பிட்டாப் போதும்."

அவருடைய புது வேலைக்கு எங்களுக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று சொல்வார். எனக்கு வாயில் நுழையாது. கோயில் பக்கத்து ஆட்கள் "டாக்டரம்மா இப்ப பஞ்சாயத்து பண்றாங்களாம்" என்றார்கள். அங்கிளும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பல்லுப் பிடுங்கின கையால பஞ்சாயத்துப் பண்ணுகினம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். டாக்டருக்கு அந்தச் சொல் மட்டும் ஆகாது. பஞ்சாயத்து என்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நான் தீர்ப்பே சொல்ல மாட்டேனே என்பார்.

அப்புறம் நான்தான் அதற்கு ஒரு பேர் கண்டுபிடித்தேன். கிள்ளான் ஜோடியை மறக்காத டாக்டர், கூட்டங்களுக்கு ஒரு டப்பாப் பஞ்சு கொண்டுபோவார். பல் பிடுங்கினால் வைக்கிற அதே உருட்டுப் பஞ்சு. விதி ஒன்றே ஒன்று. பேசி முடித்தவர் கையில் ஒரு பஞ்சு கொடுக்கப்படும். கையில் பஞ்சு வந்துவிட்டால், சுற்றியிருக்கிற எல்லார் கையிலும் பஞ்சு வரும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. பஞ்சு கொடுப்பது என் வேலை; லீவு நாளில் நான் டப்பாவோடு கூடப் போவேன். இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அங்கிள் மறுபடியும் சுவரிடம் பஞ்சாயத்து என்று ஆரம்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பஞ்சாயத்து இல்ல அங்கிள். பஞ்சு ஆயத்து. பஞ்சு ஆயத்தமா இருந்தாத்தான் ஆரம்பிப்பாங்க" என்றேன். ஆயத்தம் என்கிற வார்த்தை அவர் வீட்டில் வாங்கினதுதான். சாப்பாடு ஆயத்தமோ, தேத்தண்ணி ஆயத்தமோ என்று நாளுக்குப் பத்து தடவை கேட்பார். அங்கிளின் மீசை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, எரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. அடுக்களையில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தது மட்டும் கேட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேர்.

சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி. கார் நிறுத்துகிற இடத்தில் சாயங்காலம் விளக்குப் போட்டுப் பூப்பந்து ஆடுகிறார்கள். முதல் மாடியில் ஒரு சீன அங்கிள், ஓய்வு பெற்றவர், நாள் தவறாமல் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுப் புகார் செய்வார். விளக்கு கண்ணில் அடிக்கிறது, சத்தம், சட்டம், விதி. ஆடுகிறவர்கள் ஒருநாள் அவர் காருக்கு முன்னால் வலையையே கட்டிவிட்டார்கள். அடிதடி வரும் என்றான பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். மழை விட்ட நேரம், தரை ஈரத்தில் விளக்கு வெளிச்சம் கிடந்தது. முதலில் பேச முண்டியடித்தவர்கள் எல்லாரும் ஆடுகிற பக்கம். ஒவ்வொருவராகப் பேசினார்கள், ஒவ்வொருவராகப் பஞ்சு வாங்கினார்கள். பெரிய பெரிய ஆட்கள், உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பஞ்சை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் பிரசாதம் வாங்கியவர்களைப் போல இருந்தது. கடைசியாகச் சீன அங்கிள். விதிகளைச் சொன்னார். முடித்தார். நான் பஞ்சை நீட்டப் போனேன். டாக்டர் கண்ணால் நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும் அந்தக் கைகளை. காத்திருந்தோம். மோட்டார் சைக்கிள்கள் போயின. யாரோ மேல்மாடியில் எண்ணெயில் பூண்டு போட்டார்கள். சீன அங்கிள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: நான் இளவயதில் நன்றாக ஆடுவேன். இத்தனை வருஷமாக ஜன்னலில் நின்று பார்க்கிறேன். ஒருத்தராவது வா என்று கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் நான் அவரிடம் பஞ்சை நீட்டினேன். எல்லார் கையிலும் பஞ்சு. அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், சீன அங்கிள் வெள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரையும் திட்டித் திட்டி ஆடிக்கொண்டிருந்தார். விளக்கு போதவில்லையாம்.

எல்லா இடத்திலும் இப்படி ஆகிவிடுமா என்ன? கிள்ளானில் ஒரு சங்கத்துக்காரர்கள், நாங்கள் என்ன பல் பிடுங்கவா வந்தோம் என்று பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திரும்பி வரும்போது நெரிசலில் கார் நகரவே இல்லை. நகராத வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு அப்பா அங்க வந்திருந்தா, நான் அப்பவே சொன்னேன்னு சொல்லியிருப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதையாவது எங்கிட்டச் சொல்லியிருப்பார்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கிளுக்குக் கன்னம் வீங்கியது அதற்கப்புறம்தான். கடைவாய்ப் பல். கஞ்சியும் ரொட்டியும்தான் இறங்கியது. புது டாக்டரிடம் வாங்க என்று நான் கூப்பிட்டால், என்ர வாயை வேற ஆக்கள் தொட்டதில்லை என்பார். உண்மைதான்; அவர் வாயில் இருந்த அடைப்பு எல்லாம் மகள் அடைத்தது. வலியை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். எதற்குக் காத்திருந்தார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும், மூவரும் சொல்லவில்லை. மகள் திரும்பி வந்து அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும். அன்றைக்கு அவர் மறுபடி டொக்டர்.

டாக்டரோ வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய தொழில் சான்றிதழை எப்போதோ விட்டுவிட்டார். ஆளில்லாத நேரம் வந்து பிடுங்கிவிட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். டாக்டருக்கு ஆசை இல்லாமல் இல்லை. விரல்கள் ஒருதரம் மடங்கி விரிந்தன. வேண்டாம் அக்கா என்றார். அப்பாவுக்குப் பொய் காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்றார். அந்த ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் அவர் ஆசைப்பட்டது கிடைத்திருக்கும். கூப்பிட்டிருப்பார். அதுவும் தெரிந்துதான் வேண்டாம் என்றார்.

பொறுக்க முடியாமல் நானே அங்கிளிடம் போய் நின்றேன். "அங்கிள், உங்க மகள் பல் பிடுங்க மாட்டாங்க. பக்கத்துல உக்காருவாங்க. வேணும்னா வாங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார். இஸ்திரிச் சட்டை, கையில் குடை. பின்னால் மகள், கார் சாவியோடு. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் படியேறி வந்த சத்தம் மட்டும் கேட்டது. புது டாக்டர் நல்ல கைக்காரி. ஊசி போட்டதும் பல் வந்ததும் அங்கிளுக்கே தெரியவில்லை. "கிகிட் குவாட் குவாட், அங்கிள்," என்று பஞ்சை வைத்தார், அழுத்திக் கடிக்கச் சொன்னார். அரை மணி நேரம் பேசக் கூடாது என்றார்.

வெளியறை. அதே நாற்காலிகள், அதே மழை. அங்கிள் இரண்டு கைகளையும் குடைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாற்காலி விட்டு டாக்டர். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். எதற்கு? அந்தப் பக்கம் வாயில் பஞ்சு. பேசுகிறவருக்காகக் காத்திருந்து காத்திருந்து பழகிப்போனவருக்கு, இன்றைக்கு முறை தன்னுடையது என்பதே தோன்றவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து நான்தான் சொன்னேன்:

"டாக்டர், அவர்தான் பஞ்சைக் கடிச்சிருக்கார். நீங்க இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். மோனோரயில் ஒன்று போனது. அது போன பிறகு பேசினார். எங்களோடு பேசுகிற தமிழ் இல்லை அது. அவர்கள் வீட்டுத் தமிழ். அவர் வாயில் அதைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"அப்பா, நான் களைச்சுப்போய் வேலையை விடேல்லை. உங்களைத் தலைகுனிய வைக்கவும் விடேல்லை." பார்வை மடியிலிருந்த கைகளுக்கு இறங்கியது. "அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, வீட்டை போக விருப்பமோ, இங்கயே இருக்க விருப்பமோ எண்டு டொக்டர்மார் கேட்டவை. இங்கயே இருக்கட்டும் எண்டு நீங்கள் சொன்னீங்கள். நானும் பக்கத்தில டொக்டர் மாதிரி நிண்டு அதையே சொன்னனான். அம்மா என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ. நான் எல்லாரையும் கேக்கிற ஆள். அண்டைக்கு அம்மாவைக் கேக்கேல்லை அப்பா. நாங்கள் ரெண்டு பேரும் கேக்கேல்லை."

"ம்ம்" என்று ஒரு சத்தம். அங்கிளின் கை குடையிலிருந்து எழுந்து வாய் வரைக்கும் போனது. பஞ்சை எடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "அவவுக்கு அங்கதான் நல்லது" என்று வரும், கதவோரத்துக் குரலில். கை வாயருகே அப்படியே நின்றது. பிறகு குடைப்பிடிக்கே திரும்பிப் போனது.

டாக்டர் தொடர்ந்தார். அதை எல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆன்டிக்குப் பிடித்த ஜன்னல், ஆன்டி சொல்லாமலே விட்ட சின்னச் சின்ன ஆசைகள், கிள்ளான் லோரிக்காரர், அன்றைக்குக் கதவோரம் கையுறையோடு நின்று அவர் மனைவியில் தாம் யாரைக் கண்டார் என்பது. மெல்லிய குரல். மழை கூடினால் காணாமல் போகும், குறைந்தால் திரும்பி வரும். அங்கிள் ஆடாமல் அசையாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. துடைத்தால் அது கண்ணீர் என்று ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நேரமாகிவிட்டது. நான் எழுந்து போய்ச் சின்னத் தட்டை நீட்டினேன். அங்கிள் பஞ்சை எடுத்து அதில் வைத்தார். லேசான ரோஜா நிறம், அவ்வளவுதான். ரத்தம் எப்போதோ நின்றிருக்க வேண்டும். டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். தலை குனிந்திருந்தது. இனி அங்கிள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வாய் காலியாக இருந்தது.

அங்கிள் என்னைப் பார்த்தார்.

"இன்னொரு பஞ்சு ஆயத்தமோ, தங்கச்சி?"

"ரத்தம் நின்னுடுச்சு அங்கிள்" என்றேன். என் வாயை என்ன சொல்ல.

"ஓம், தெரியும்" என்று கையை நீட்டினார்.

டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, இடம் பார்த்து வைத்து, நன்றாக அழுத்திக் கடித்துக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் அது வெறும் முனகல். என் காதுக்கு அது எழுத்து எழுத்தாக விழுந்தது: "சொல்லு, பிள்ளை."

டாக்டர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.